‘நாங்கள் அப்படிப்பட்ட பெண்கள் இல்லை’: மெம்ஃபிஸ் 1866 சாட்சியங்களுக்கு நேர்ந்தது என்ன?

1866 மே மாதக் கடைசியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை மூன்று உறுப்பினர்கள் கொண்ட விசாரணைக் குழு ஒன்றை டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகருக்கு அனுப்பியது. குழுவின் தலைவர் இல்லினாய்ஸைச் சேர்ந்த எலிஹு வாஷ்பர்ன். அந்த மாதத்தின் முதல் மூன்று நாட்களும் வெள்ளையர் கும்பல்கள் மெம்ஃபிஸின் தெற்குப் பகுதியில் கறுப்பின மக்களைத் தேடித் தேடி வேட்டையாடியிருந்தன. 46 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டார்கள். 91 வீடுகளும் 4 தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்து சாம்பலாயின. கும்பலில் நகரக் காவலர்களும் தீயணைப்புப் படையினரும் இருந்தார்கள். குழு ஏறத்தாழ 170 பேரிடம் வாக்குமூலம் வாங்கியது. ஐந்து கறுப்பினப் பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானதாக அறிக்கை பதிவு செய்தது. அவர்களில் சிலர் தாங்களே குழுவின் முன் வந்து உட்கார்ந்து, தங்களுக்கு நடந்ததைத் தங்கள் வாயால் சொன்னார்கள்.

அவர்களில் ஒருவர் பிரான்சிஸ் தாம்சன். முன்பு அடிமையாக இருந்தவர். காலில் புற்றுநோய் வந்ததால் ஊன்றுகோலின் துணையோடு நடந்தவர். துணி தைத்தும் துவைத்தும் பிழைத்தவர். அவர் குழுவிடம் சொன்ன ஒரு வாக்கியம் 150 ஆண்டுகளுக்குப் பிறகும் வரலாற்றாய்வாளர்களை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்து படுக்கைக்குப் பெண் கேட்ட ஆண்களிடம் அவர் சொன்ன பதில் அது: நாங்கள் அப்படிப்பட்ட பெண்கள் இல்லை, நீங்கள் போய்விட வேண்டும். அதனால் எங்களுக்கு ஒன்றுமில்லை என்றார்கள் வந்தவர்கள்.

ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை எழுத அவர்களுடைய சொந்த வாய்மொழியே முதல் ஆதாரம் என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த வாய்மொழி எந்த நிபந்தனையின் பேரில் கேட்கப்பட்டது, யார் கேட்டார்கள், யார் எழுதிக்கொண்டார்கள், பின்னால் யார் அதைப் பிடுங்கி எறிந்தார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் சாட்சியங்களைத் தொடர்ந்து படித்துவருகிற எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ‘நடந்தது உண்மையா?’ என்ற கேள்வி வருவதற்கு முன்பே ‘சொல்கிறவள் எப்படிப்பட்டவள்?’ என்ற கேள்வி வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. மெம்ஃபிஸில் அந்தக் கேள்வி இரண்டு முறை கேட்கப்பட்டது. முதல் முறை 1866இல். இரண்டாம் முறை 1876இல், இன்னும் கொடூரமாக.

சட்டம் வாயைக் கட்டியிருந்த காலம்

அடிமைக்காலச் சட்டத்தைப் பார்க்காமல் மெம்ஃபிஸ் பெண்கள் செய்த காரியத்தின் எடை புரியாது.

1662இல் வர்ஜீனியா குடியேற்றம் ஒரு சட்டம் போட்டது. பிறக்கும் பிள்ளை அடிமையா சுதந்திரமானதா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்றது அந்தச் சட்டம். இங்கிலாந்தின் வழக்கமோ தந்தை வழியில் போவது. அதைத் திருப்பிப் போட்டதற்குக் காரணம் இருந்தது. வெள்ளைக்கார எஜமானுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறக்கும் குழந்தையை என்ன செய்வது என்ற கேள்வி அப்போதே எழுந்திருந்தது. சட்டம் கொடுத்த விடையின்படி எஜமானின் வல்லுறவால் பிறந்த குழந்தையும் எஜமானின் சொத்துக் கணக்கில் சேர்ந்தது. குற்றம் வருமானமாக மாறியது. இதைவிட ஈவிரக்கமற்ற சட்டத்தை நான் படித்ததில்லை.

இன்னொரு பக்கம், தென் மாநிலங்களில் அடிமைகள் வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. மிசௌரி மாநிலத்தில் சீலியா என்ற பெண்ணுக்கு நடந்தது இதன் நேரடி விளைவு. 1850இல் ராபர்ட் நியூசம் என்ற பண்ணையார் அவளை விலைக்கு வாங்கினார். அப்போது அவளுக்கு 14 வயது இருக்கலாம். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியிலேயே வல்லுறவு செய்தார். ஐந்து ஆண்டுகள் அது ஓயவில்லை. குழந்தைகள் பிறந்தன. நியூசத்தின் மகள்களிடம் உதவி கேட்டும் பார்த்தாள். 1855 ஜூனில் ஓர் இரவு, கர்ப்பமாக இருந்த சீலியா, குடிசைக்குள் வந்தவரை உருட்டுக்கட்டையால் அடித்துக் கொன்றாள்.

மானத்தைக் காக்கப் போராடும் ‘எந்தப் பெண்ணுக்கும்’ பாதுகாப்பு உண்டு என்று மிசௌரி சட்டம் சொல்லியது. சீலியாவின் வழக்கறிஞர்கள் அதைச் சுட்டிக்காட்டி வாதாடினார்கள். ‘எந்தப் பெண்ணும்’ என்பதில் அடிமைப் பெண்ணும் அடங்குவாள் என்று ஜூரிகளுக்கு அறிவுறுத்தச் சொன்னார்கள். நீதிபதி மறுத்துவிட்டார். தன் வழக்கில் தனக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேச சீலியாவுக்கு வழியில்லை. 1855 டிசம்பர் 21 அன்று தூக்கிலிட்டார்கள். ஐந்தாண்டு அவள் பட்டது முழுவதும் அடுத்தவர்கள் சொன்ன வார்த்தைகளில்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகு, 1866 ஏப்ரல் 9 அன்று, அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் மறுப்பாணையையும் மீறி காங்கிரஸ் குடிமை உரிமைகள் சட்டத்தை நிறைவேற்றியது. ஒப்பந்தம் செய்யவும் சொத்து வாங்கவும் வழக்குத் தொடுக்கவும் சாட்சி சொல்லவும் வெள்ளையருக்கு உள்ள அதே உரிமை கறுப்பினத்தவருக்கும் உண்டு என்றது சட்டம். மெம்ஃபிஸில் கும்பல் புகுந்தது இதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து. சாட்சி சொல்லும் உரிமை கையில் கிடைத்த சூட்டோடு சூடாக அதைப் பயன்படுத்தியவர்கள் இந்தப் பெண்கள்.

மெம்ஃபிஸில் என்ன நடந்தது

போரின்போது வடக்குப் படையின் வசம் வந்த நகரம் மெம்ஃபிஸ். சுற்றியிருந்த பருத்திப் பண்ணைகளை விட்டு வெளியேறிய ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்து குடியேறினார்கள். பிக்கரிங் கோட்டையில் கறுப்பினப் படைவீரர்கள் காவலிருந்தார்கள். அவர்களுடைய மனைவி மக்கள் கோட்டையை ஒட்டிய தெற்கு மெம்ஃபிஸில் குடிசை போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் வந்தது, தேவாலயம் வந்தது. நகரக் காவல் படையில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். சீருடை அணிந்த கறுப்பு வீரர்களுக்கும் அவர்களுக்கும் தெருவில் ஓயாத உரசல்.

1866 ஏப்ரல் கடைசி நாள் வீரர்களைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். மறுநாள் காவலர்களுக்கும் அவர்களுக்கும் நடந்த ஒரு மோதலில் இருந்து எல்லாம் தொடங்கியது. முன்னாள் வீரர்கள் அன்று மாலை கோட்டைக்குத் திரும்பிவிட்டார்கள். குடிசைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கும்பல் அங்கேதான் போனது. ஆயுதம் இருக்கிறதா என்று சோதனை போடுகிறோம் என்பது அவர்கள் சொன்ன சாக்கு.

பிரான்சிஸ் தாம்சனின் வீட்டுக்கு ஏழு பேர் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் காவலர்கள். அவருடன் லூசி ஸ்மித் என்ற இளம்பெண்ணும் இருந்தாள். வந்தவர்கள் முதலில் சாப்பாடு கேட்டார்கள். பிஸ்கட்டும் காப்பியும் செய்து வைக்கச் சொன்னார்கள். தாம்சன் அடுப்பு மூட்டி எல்லாம் செய்து வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பெண் வேண்டும் என்றார்கள். அப்போதுதான் தாம்சன் அந்த வாக்கியத்தைச் சொன்னார். முகத்தில் அடித்தார்கள், கழுத்தைப் பிடித்தார்கள். இருவரையும் வல்லுறவு செய்தார்கள். அறையில் வடக்குப் படை அதிகாரிகளின் படங்களும், சிவப்பு வெள்ளை நீலத்தில் தைத்துக்கொண்டிருந்த போர்வைகளும் இருந்தன. அதைப் பார்த்து, யாங்கிகள் (வடக்கத்தியர்) மேல் உங்களுக்கு அவ்வளவு பிரியமா என்று கேட்டார்கள். பெட்டியில் இருந்த பணத்தையும் துணிமணிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பணத்தில் இன்னொரு பெண் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்ததும் இருந்தது.

இதில் பிஸ்கட்டும் காப்பியும் என்ற இடத்தை நான் பல முறை நின்று படித்திருக்கிறேன். கும்பல் வெறியில் வந்தவர்கள் நடு இரவில் மேசை போட்டுச் சாப்பாடு கேட்பார்களா? கேட்டார்கள். ஏனென்றால் அவர்கள் பழைய உறவை நிலைநாட்ட வந்தவர்கள். அடுப்படியில் நின்று பரிமாறுவது, பிறகு படுக்கைக்கு அழைக்கப்படுவது, மறுக்க உரிமை இல்லாமல் இருப்பது: அடிமைக்கால வீட்டில் அடிமைப் பெண்ணின் இரவு இப்படித்தான் இருந்தது. தாம்சன் சொன்ன மறுப்பு அந்தப் பழைய ஏற்பாட்டையே மறுத்தது. நான் இப்போது சுதந்திரமான பெண், என் உடலுக்கு நானே சொந்தக்காரி என்று அதற்குப் பொருள். ஹானா ரோசன் போன்ற வரலாற்றாய்வாளர்கள் இந்தச் சாட்சியங்களை இப்படி அரசியல் உரிமைக் குரலாகவே படித்துக்காட்டியிருக்கிறார்கள். அந்தப் பார்வையே சரி என்று நானும் கருதுகிறேன்.

குழு கேட்ட கேள்விகள்

வாஷ்பர்ன் குழு இந்தப் பெண்களை நம்பியது. அறிக்கை அவர்கள் பக்கம் நின்றது. ஆனாலும் கேள்வி பதிலாக அச்சாகியிருக்கும் பக்கங்களைப் படித்தால், நம்பிக்கைக்கும் ஒரு விலை கேட்டிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. எதிர்த்தாயா, தப்பிக்க வழி இருந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஹாரியட் ஆர்மர் என்ற பெண், ஆண்கள் கையில் துப்பாக்கி இருந்தது, ஜன்னல் வழியாகவும் வெளியேற முடியாது என்று விளக்க வேண்டியிருந்தது. துப்பாக்கியோடு வந்தவர்களை ஏன் எதிர்க்கவில்லை என்பதற்கு விளக்கம் சொல்வது பாதிக்கப்பட்டவளின் பொறுப்பாக இருந்தது.

லூசி ஸ்மித் தன் கழுத்தை நெரித்ததில் இரண்டு வாரம் பேச முடியாமல் கிடந்ததைச் சொன்னாள். பேச முடியாமல் போன தொண்டை திரும்பி வந்து சாட்சி சொன்னது.

ஆர்மரைப் பற்றி அண்டை வீட்டு சிந்தியா டவுன்சென்ட் சொன்ன ஒரு செய்தி அறிக்கையின் ஓரத்தில் கிடக்கிறது. ஆர்மரின் கணவர் கோட்டையிலிருந்து திரும்பி வந்து நடந்ததைக் கேட்டதும், இனி உன்னோடு வாழமாட்டேன் என்று விட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆர்மருக்குச் சில நேரம் புத்தி பேதலித்துப் போகிறது என்றார் அந்த அம்மாள். வெளியில் இனம் தந்த அடி, வீட்டுக்குள் பெண் என்பதால் கிடைத்த அடி, இரண்டையும் ஒரே பெண் வாங்கினாள். இதைச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெண் என்பதைக் கவனியுங்கள். ஆர்மர் தன் வாயால் குழுவிடம் சொன்னதோடு அவர் கதை முடியவில்லை. சொன்னதற்கான விலையைக் கூட இருந்த இன்னொரு பெண் பார்த்து, அதையும் பதிவில் ஏற்றினாள்.

கும்பலில் ஒருவர் மீதும் வழக்கு நடக்கவில்லை. ஆனால் மெம்ஃபிஸும், அதே ஆண்டு ஜூலையில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த படுகொலையும் வட மாநில மக்களின் மனநிலையை மாற்றின. ஜான்சனின் தாராளப் போக்கை நம்பித் தென் மாநிலங்களை அவர்கள் கையிலேயே விட்டுவிட முடியாது என்ற எண்ணம் வலுத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஜான்சனின் எதிர்ப்பாளர்கள் பெருவெற்றி பெற்றார்கள். தோற்ற தென் மாநிலங்களைப் புதிய நிபந்தனைகளோடு ஒன்றியத்தில் சேர்ப்பதற்கான மறுசீரமைப்புச் சட்டங்கள் 1867இல் வந்தன. பிரான்சிஸ் தாம்சனின் வாக்குமூலத்துக்கு இதில் பங்கு உண்டு. எதிர் முகாமும் அதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. பத்து வருடம் காத்திருந்தது.

1876: சாட்சியைக் கொல்ல ஒரு வழி

1876 ஜூலையில் மெம்ஃபிஸ் காவல்துறை பிரான்சிஸ் தாம்சனைக் கைது செய்தது. குற்றச்சாட்டு: ஆண் உடலோடு பெண் உடை அணிந்தது. மருத்துவர்களைக் கொண்டு அவர் உடலைப் பரிசோதித்தார்கள். நீண்ட காலமாகப் பெண்ணாகவே வாழ்ந்து, பெண்ணாகவே அக்கம்பக்கத்தாரால் அறியப்பட்டவர் அவர். இன்றைய நம் சொல்லில் திருநங்கை. 50 டாலர் அபராதம் போட்டார்கள். கட்ட முடியாததால், ஆண் உடை உடுத்தி, சங்கிலியில் பிணைக்கப்பட்ட கைதிகளோடு தெருவில் வேலைக்கு அனுப்பினார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது.

உள்ளூர் ஜனநாயகக் கட்சிப் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. அது அதிபர் தேர்தல் ஆண்டு. மறுசீரமைப்பை மொத்தமாக ஒழித்துக்கட்டத் அன்று தென் மாநிலத்து வெள்ளையர் கட்சியாக இருந்த ஜனநாயகக் கட்சி முழுமூச்சாக இறங்கியிருந்த நேரம். பத்திரிகைகள் முன்வைத்த வாதம் எளியது. பிரான்சிஸ் தாம்சன் பெண்ணே இல்லை என்றால், அவரை வல்லுறவு செய்தார்கள் என்பது பொய். அது பொய் என்றால் 1866 அறிக்கையே பொய். அறிக்கை பொய் என்றால் மெம்ஃபிஸில் கறுப்பினப் பெண்கள் சொன்ன எதுவும் உண்மையில்லை.

கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிகூடத் தாங்காது. தாம்சனின் உடல் எப்படிப்பட்டது என்பதற்கும், ஏழு பேர் அவர் வீட்டுக்குள் நுழைந்ததற்கும் என்ன சம்பந்தம்? லூசி ஸ்மித் தனியாகச் சாட்சி சொல்லியிருந்தாள். ஆர்மர் வேறு வீட்டில், வேறு ஆட்களைப் பற்றிச் சொல்லியிருந்தார். 46 பிணங்கள் இருந்தன. எரிந்த தேவாலயங்கள் இருந்தன. ஒரு திருநங்கையையும் வல்லுறவு செய்ய முடியும் என்ற எளிய உண்மையை அன்று பொதுவெளியில் யாரும் சொல்லவில்லை.

ஆனால் வாதம் வேலை செய்தது. ஏனென்றால் 1866இல் நம்பியவர்களும் அதே தராசில்தான் எடை போட்டிருந்தார்கள். ‘இவர்கள் மானமுள்ள பெண்கள், ஆகவே சொல்வது உண்மை’ என்பது நட்பான வாதம். அந்த வாதத்தை ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், ‘இவள் அப்படிப்பட்டவள் இல்லை, ஆகவே சொன்னது பொய்’ என்பதைத் தடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. தாம்சனுக்காகப் பேச அன்று ஆதரவாளர்கள் முன்வராததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். விடுதலையானதும் உடல் நலிந்து, அதே ஆண்டிலேயே அவர் இறந்துபோனார். அமெரிக்க காங்கிரஸ் குழுவின் முன் சாட்சி சொன்ன முதல் திருநங்கை என்று இப்போது அவரைச் சொல்கிறார்கள்.

அதே மெம்ஃபிஸில் 16 ஆண்டு கழித்து கறுப்பினப் பெண் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் இந்தத் தராசின் மறு தட்டைத் தூக்கிக்காட்டினார். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் கூட இருந்த இருவரையும் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. அவர்கள் நடத்திய மளிகைக் கடை பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் கடைக்குப் போட்டியாகியிருந்தது. கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைக் கெடுப்பதால்தான் கொல்கிறோம் என்று ஊர் ஊராகச் சொல்லிவந்த காரணத்தை வெல்ஸ் வழக்கு வழக்காக எடுத்து ஆராயத் தொடங்கினார். பெரும்பாலான கொலைகளில் அப்படியொரு குற்றச்சாட்டே இல்லை என்று காட்டினார். ஒரு வெள்ளைப் பெண்ணின் பெயரால் சொல்லப்பட்ட சொல், அவளே சொல்லாவிட்டாலும், ஓர் உயிரை எடுக்கப் போதுமானது. கறுப்பினப் பெண் தன் வாயால், சத்தியம் செய்து, பெயரோடு சொன்னது ஒரு கைதுக்குக்கூடப் போதவில்லை. வெல்ஸின் பத்திரிகை அலுவலகத்தை அந்த மே மாதமே அடித்து நொறுக்கினார்கள். அவர் மெம்ஃபிஸுக்குத் திரும்பி வாழ முடியவில்லை.

ஏழு ஆண்டு மாடப்பரணில்

எதிரிகள் மட்டும்தான் இந்த நிபந்தனையைப் போட்டார்கள் என்று நினைத்தால் ஹாரியட் ஜேக்கப்ஸின் கதை அதைத் திருத்தும்.

ஜேக்கப்ஸ் 1813இல் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் அடிமையாகப் பிறந்தவர். டாக்டர் ஜேம்ஸ் நார்காம் என்பவரின் சிறுமகளுக்கு உயில் மூலம் சொத்தாகப் போய்ச் சேர்ந்தார். பருவம் வந்ததிலிருந்து நார்காம் அவரை விடாமல் துரத்தினார். அந்தப் பிடியிலிருந்து தப்ப, சாமுவேல் சாயர் என்ற வெள்ளைக்கார வழக்கறிஞரோடு உறவு வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் பெற்றார். 1835இல் தலைமறைவானார். அவர் போனது தொலைதூரத்துக்கு அல்ல. அதே ஊரில், விடுதலை பெற்றிருந்த பாட்டியின் வீட்டில், கூரைக்கும் தளத்துக்கும் இடையில் ஒரு பொந்து. நீளம் 9 அடி, அகலம் 7 அடி, உயரமான இடத்தில் 3 அடி. நிமிர்ந்து நிற்க முடியாது. அதில் ஏறத்தாழ 7 ஆண்டுகள் இருந்தார். மரப்பலகையில் துளை போட்டு, கீழே விளையாடும் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மேலே இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. நார்காமை ஏமாற்ற, நியூயார்க்கிலிருந்து வருவதுபோலக் கடிதம் எழுதி அங்கிருந்து தபாலில் சேர்க்கச் செய்தார். நார்காம் அதை நம்பினார்.

அவர் தப்பியபோது நார்காம் பத்திரிகையில் கொடுத்த விளம்பரம் இன்றும் இருக்கிறது. பிடித்துக் கொடுப்பவருக்கு 100 டாலர். நிறம், உயரம், உடல்வாகு, நன்றாகத் தைப்பாள் என்ற தகவல் எல்லாம் அதில் உண்டு. ‘தெரிந்த காரணம் ஏதுமின்றி’ ஓடிவிட்டாள் என்றும் எழுதியிருந்தார். அன்றைய ஆவணக் காப்பகத்தின் நிலைமை இதுதான். எஜமானின் விளம்பரம் கேள்வியில்லாமல் ஆவணம். ஓடியவள் சொல்லும் காரணத்துக்கு மட்டும் சான்றிதழ் வேண்டும்.

1842இல் படகேறி வடக்கே தப்பினார். நியூயார்க்கில் ஒரு எழுத்தாளர் குடும்பத்தில் பிள்ளை வளர்க்கும் வேலை பார்த்தார். அந்த வீட்டு அம்மையார் 1852இல் 300 டாலர் கொடுத்து அவருக்கு விடுதலை வாங்கினார். என்னை நானே காசு கொடுத்து வாங்குவதா என்று ஜேக்கப்ஸுக்கு அதில் கசப்பு இருந்தது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தோழி ஏமி போஸ்ட், உன் கதையை எழுது என்று வற்புறுத்தினார். திருமணம் இல்லாமல் பிள்ளை பெற்றதை வெளியில் சொல்ல வேண்டுமே என்று பல ஆண்டுகள் தயங்கினார்.

அன்று நாடறிந்த அடிமை ஒழிப்பு எழுத்தாளரான ஹாரியட் பீச்சர் ஸ்டோவிடம் உதவி கேட்டுச் செய்தி அனுப்பினார்கள். ஸ்டோ என்ன செய்தார்? அந்தரங்கம் அடங்கிய அந்தக் கடிதத்தை அப்படியே ஜேக்கப்ஸ் வேலை பார்த்த வீட்டு அம்மையாருக்கு அனுப்பி, இதெல்லாம் உண்மைதானா என்று சரிபார்க்கச் சொன்னார். உண்மையானால் தன் நூலில் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். ஜேக்கப்ஸ் அந்த அம்மையாரிடம் அதுவரை அந்த விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. நல்ல நோக்கத்தோடு வந்தவர் செய்தது இது. ஜேக்கப்ஸ் மனம் நொந்து, நானே எழுதிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தார். பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவுகளில் திருட்டுத்தனமாக எழுதினார்.

1861இல் நூல் பாஸ்டனில் வந்தது. ‘லிண்டா பிரென்ட்’ என்ற புனைபெயர். எல்லாப் பெயர்களும் மாற்றப்பட்டிருந்தன. முகப்பில் ‘அவளே எழுதியது’ என்று அச்சிட்டிருந்தார்கள். லிடியா மரியா சைல்ட் என்ற வெள்ளைக்கார எழுத்தாளர் முன்னுரை எழுதி உறுதி கூறினார். அப்படியும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வரலாற்றாய்வாளர்கள் பலர் இதைச் சைல்ட் எழுதிய நாவல் என்று ஒதுக்கிவைத்தார்கள். நடை நாவல் போல இருக்கிறது, சம்பவங்கள் நம்ப முடியாதவை, அடிமைப் பெண் இப்படி எழுதியிருக்க முடியாது. அடிமைகளின் சொந்தச் சாட்சியத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று போராடிய ஜான் பிளாசிங்கேம்கூட 1972இல் இதை நம்பவில்லை. ஆண்கள் எழுதிய தப்பிப்புக் கதைகளில் சாட்டையடியும் ஓட்டமும் இருக்கும். இதில் இருந்தது அறைக்குள் நடந்த துரத்தல், ஒரு பெண் தன் மானத்தையும் பிள்ளைகளையும் வைத்துப் போட்ட கணக்கு. அதை வரலாறாகப் படிக்க அவர்களுக்குப் பழக்கமில்லை.

ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் ஏமி போஸ்டின் கடிதக் கட்டுகளில் ஜேக்கப்ஸின் கையெழுத்துக் கடிதங்களைப் பின்தொடர்ந்தார். 1981இல் கட்டுரை, 1987இல் விரிவான குறிப்புகளோடு பதிப்பு. நூலில் வரும் மனிதர்கள், வீடுகள், தேதிகள் எல்லாம் ஈடன்டன் ஆவணங்களோடு பொருந்தின. ஜேக்கப்ஸ் இறந்து 84 ஆண்டுகள் கழித்து அவர் சொன்னது நிரூபணமானது.

அந்த நூலுக்குள் ஓரிடத்தில் ஜேக்கப்ஸ் இந்த முழுச் சிக்கலுக்கும் விடை சொல்லியிருக்கிறார். சுதந்திரமான பெண்களை அளக்கிற கோலால் அடிமைப் பெண்ணை அளக்கக் கூடாது என்கிறார். தான் செய்ததை மறைக்கவில்லை, நல்லவள் என்று நற்சான்று கேட்கவும் இல்லை. தாம்சனுக்காக 1876இல் யாராவது சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான்.

எழுதியவர் கை

சொல்கிறவரின் ஒழுக்கம் ஒரு வாசல் என்றால், எழுதிக்கொள்கிறவரின் கை இன்னொரு வாசல். முன்னாள் அடிமையான சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் பேசிய பேச்சு உலகப் புகழ் பெற்றது. ஆனால் ‘நான் பெண் இல்லையா?’ என்று திரும்பத் திரும்ப வரும் அந்த வடிவம் பேச்சு நடந்து 12 ஆண்டு கழித்து பிரான்சிஸ் கேஜ் என்ற வெள்ளைக்காரப் பெண் எழுதியது. அதில் தெற்கத்திப் பண்ணை அடிமையின் கொச்சைமொழி வருகிறது. ட்ரூத்தோ நியூயார்க்கில் பிறந்து டச்சு மொழி பேசி வளர்ந்தவர். பேச்சு நடந்த அடுத்த மாதமே மாரியஸ் ராபின்சன் பத்திரிகையில் வெளியிட்ட பதிவில் அந்த வாக்கியமே இல்லை. அந்தப் பதிவில் உள்ள ட்ரூத் நிதானமானவர், வேடிக்கையாகப் பேசுகிறவர். உழுதிருக்கிறேன், அறுத்திருக்கிறேன், மரம் பிளந்திருக்கிறேன், எந்த ஆணுக்கும் சமமாக உழைக்க முடியும் என்று சொல்கிறவர். அந்த ட்ரூத் எனக்கு இன்னும் பிடித்தமானவர்.

1937இல் தென் கரோலினாவின் சார்லஸ்டனில் சூசன் ஹாம்லின் என்ற முதியவளிடம், அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் முன்னாள் அடிமைகளின் நினைவுகளைத் தொகுத்தவர்கள் தனித்தனியே இரண்டு முறை பேட்டி எடுத்தார்கள். வெள்ளைக்காரப் பெண் வந்தபோது, நலத்துறையிலிருந்து உதவி கொண்டுவந்தவர் என்று நினைத்துக்கொண்டு, எஜமானர் நல்லவர் என்றார் ஹாம்லின். கறுப்பின இளைஞர் வந்தபோது சாட்டையடியைச் சொன்னார். இரவு திருமணமாகி மறுநாள் காலையில் பிரித்து விற்கப்பட்ட மணமக்களைச் சொன்னார். ஒரே வாய்தான் இரண்டையும் சொன்னது. கதவைத் தட்டியவர் யார் என்பதுதான் மாறியது. இப்படி 2,300க்கும் மேற்பட்ட பேட்டிகள் தொகுக்கப்பட்டன. பெரும்பாலானவற்றை எடுத்தவர்கள் வெள்ளையர்கள். அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பேட்டி எடுத்தவரின் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1944, அலபாமா

இதெல்லாம் அடிமைக்காலத்தோடு போயிற்று என்று சொல்ல முடியவில்லை. 1944 செப்டம்பர் 3 அன்று அலபாமாவின் அபவில் ஊரில் ரீசி டெய்லர் என்ற 24 வயதுப் பெண் தேவாலயத்திலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். கணவரும் கைக்குழந்தையும் வீட்டில் இருந்தார்கள். காரில் வந்த வெள்ளை இளைஞர்கள் துப்பாக்கி முனையில் கடத்திப்போனார்கள். ஆறு பேர் வல்லுறவு செய்தார்கள். வெளியில் சொன்னால் கொன்றுவிடுவோம் என்றார்கள். டெய்லர் அன்றிரவே சொன்னார்.

மான்ட்கோமரியிலிருந்து விசாரிக்க வந்தவர் ரோசா பார்க்ஸ். பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்ததற்காக நாம் அறிந்த அதே பார்க்ஸ்தான். அது நடப்பதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பெண்ணுக்கு நியாயம் கேட்டு நாடு தழுவிய பிரச்சாரத்தைக் கட்டியெழுப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. உள்ளூர் ஷெரீப்போ டெய்லரின் நடத்தையைப் பற்றிப் பேசினார். அவள் அப்படிப்பட்டவள் என்றார். மெம்ஃபிஸின் பழைய கேள்வி, 78 ஆண்டு கழித்து, சொல் மாறாமல். மாநில விசாரணையாளர்களிடம் அந்த இளைஞர்களில் ஒருவன் டெய்லர் சொன்னதெல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டான். அப்படியும் வெள்ளையர்கள் மட்டுமே கொண்ட இரண்டு ஜூரிக் குழுக்கள் அடுத்தடுத்துக் குற்றம் சாட்டவே மறுத்துவிட்டன.

2011இல் அலபாமா சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது. டெய்லருக்கு அப்போது 91 வயது. ஆறு பேரில் ஒருவர்கூட நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2017 டிசம்பரில் அவர் இறந்தார்.